பணக்காரக் கிளப் எப்படிக் கடனில் மூழ்குகிறது? பார்சிலோனாவின் கணக்கை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி, லயனல் மெஸ்ஸி இனித் தங்கள் அணியில் தொடரமாட்டார் என்று பார்சிலோனா கால்பந்து கிளப் அறிவித்தது. வீரர் இருக்க விரும்பினார். கிளப்பும் அவரை வைத்துக்கொள்ள விரும்பியது. சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளவும் தாம் சம்மதித்திருந்ததாக மெஸ்ஸியே கண்ணீருடன் விடைபெற்ற கூட்டத்தில் சொன்னார். அப்படியிருந்தும் ஒப்பந்தம் நடக்கவில்லை. அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்புதான், உலகிலேயே அதிக வருவாய் ஈட்டும் கால்பந்து கிளப் என்று டெலாய்ட் என்ற தணிக்கை நிறுவனத்தின் ஆண்டுப் பட்டியலில் 84.08 கோடி யூரோ வருவாயுடன் பார்சிலோனா முதலிடம் பெற்றிருந்தது. முதலிடத்தில் இருந்த கிளப்புக்குத் தன்னுடைய சொந்த ஆட்டக்காரரை, அதுவும் பாதிச் சம்பளத்தில், பதிவுசெய்ய முடியாமல் போனது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

விடையைப் புரிந்துகொள்ளக் கணக்கியல் பட்டம் தேவையில்லை. ஒரு கிளப்பிடம் எவ்வளவு பணம் புரள்கிறது என்பதைவிட, அந்தப் பணம் எந்த ஆண்டின் வரவு, அந்தச் செலவு எந்த ஆண்டின் கணக்கில் ஏறுகிறது என்பதைக் கவனித்தால் போதும். இன்றைய செலவை நாளைக்குத் தள்ளுவதும், நாளைய வரவை இன்றைக்கு இழுப்பதும்தான் பார்சிலோனாவின் கடந்த பத்தாண்டுக் கதை. வீழ்ந்ததும் அதனால்தான், எழுந்ததும் பெரும்பாலும் அதனால்தான்.

வீரரின் விலை கணக்கில் ஏறும் விதம்

ஒரு வீரரை வேறொரு கிளப்பிலிருந்து வாங்கும்போது கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் தொகை, அந்த ஆண்டின் செலவாக முழுமையாக எழுதப்படுவதில்லை. வீரருடனான ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகளோ அத்தனை ஆண்டுகளுக்கு அது சமமாகப் பிரிக்கப்பட்டு, ஆண்டுதோறும் ஒரு பங்கு தேய்மானமாகக் கழிக்கப்படுகிறது. இன்னும் கழிக்கப்படாமல் மிஞ்சியிருப்பது அந்த வீரரின் புத்தக மதிப்பு. அவரை விற்கும்போது, விற்ற தொகை புத்தக மதிப்பைவிட அதிகமாக இருந்தால் அந்த வேறுபாடு முழுவதும் அதே ஆண்டின் இலாபமாகக் கணக்கில் வந்துவிடும். குறைவாக இருந்தால் அதே ஆண்டின் நட்டம். வாங்கும் செலவு மெல்லப் பரவுகிறது, விற்கும் இலாபமோ ஒரே நாளில் வந்து விழுகிறது. பல கிளப்புகள் தடுக்கி விழுந்த இடம் இந்த ஏற்றத்தாழ்வுதான்.

பிலிப் கூட்டினோ என்ற நடுக்கள வீரரின் கணக்கைப் பார்க்கலாம். 2017 ஆகஸ்டில் நெய்மாரின் ஒப்பந்தத்தில் இருந்த விடுவிப்புத் தொகையான 22.2 கோடி யூரோ செலுத்தப்பட்டு அவர் பாரிஸ் சென்றார். கையில் அவ்வளவு பணம் இருப்பது ஐரோப்பா முழுவதற்கும் தெரிந்திருந்த நிலையில் பார்சிலோனா சந்தைக்குப் போனது. விற்பவர் விலை சொல்ல, வாங்குபவர் மறுக்க முடியாத நிலை. டோர்ட்முண்ட் அணியிலிருந்து உஸ்மான் டெம்பெலே 10.5 கோடிக்கும், 2018 ஜனவரியில் லிவர்பூலிலிருந்து கூட்டினோ 12 கோடிக்கும், 2019இல் அத்லெதிகோ மாட்ரிடிலிருந்து அந்துவான் கிரீஸ்மன் 12 கோடிக்கும் வந்தார்கள். இவை அடிப்படைத் தொகைகள் மட்டுமே. முதல் இருவருக்கும் ஆட்ட எண்ணிக்கை, கோப்பைகள் ஆகியவற்றைப் பொறுத்துக் கூடுதல் தொகைகளும் பேசப்பட்டிருந்தன.

கூட்டினோவின் ஒப்பந்தம் ஐந்தரை ஆண்டு. 12 கோடியை ஐந்தரையால் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 2.18 கோடி. சம்பளம் இதில் சேராது, அது தனி. 2022 மே மாதம் ஆஸ்டன் வில்லாவுக்கு அவர் 2 கோடிக்கு விற்கப்பட்டபோது, கணக்கில் மிஞ்சியிருந்த மதிப்பும் ஏறத்தாழ அதே அளவுதான். 12 கோடிக்கு வாங்கிய வீரரை 2 கோடிக்கு விற்றும் அந்த ஆண்டின் ஏட்டில் பெரிய நட்டம் தெரியாது. நட்டம் இல்லை என்பதல்ல பொருள். நான்கரை ஆண்டுகளாகத் தவணை தவணையாக அது ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. (இடையில் பயர்ன் மியூனிக்குக்கு இரவலாகப் போயிருந்த கூட்டினோ, 2020 ஆகஸ்டில் லிஸ்பனில் பார்சிலோனா 2-8 என்று தோற்ற ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கி இரண்டு கோல் அடித்தார். கிளப்பின் கணக்கு ஏட்டில் அவருடைய தேய்மானம் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.)

விற்பனை இலாபம் உடனே வந்து விழும் என்ற விதியைத் தலைகீழாகப் பயன்படுத்திக்கொள்ளவும் முடியும். 2020 ஜூனில் பார்சிலோனாவும் யுவென்டசும் இரண்டு நடுக்கள வீரர்களை மாற்றிக்கொண்டன. ஆர்தர் 7.2 கோடிக்கு இத்தாலிக்குப் போனார். மிராலெம் பியானிச் 6 கோடிக்கு ஸ்பெயினுக்கு வந்தார். உண்மையில் கைமாறிய வேறுபாடு 1.2 கோடிதான். ஆனால் ஏட்டில் நடந்தது வேறு. 2018இல் 3.1 கோடிக்கு ஆறாண்டு ஒப்பந்தத்தில் வந்திருந்த ஆர்தரின் புத்தக மதிப்பு அப்போது ஏறத்தாழ 2 கோடி. ஆகவே ஐந்து கோடிக்கும் சற்று அதிகமான இலாபம் அந்த ஆண்டிலேயே பதிவானது. பியானிச்சின் விலையோ நான்காண்டுகளுக்கு, ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி என்று பரவிக்கொண்டது. அறிவிப்பு வந்த நாள் ஜூன் 29. கிளப்பின் நிதியாண்டு முடிவது ஜூன் 30. இருபத்துமூன்று வயது வீரரைக் கொடுத்து முப்பது வயது வீரரை வாங்கியதற்கு ஆடுகளத்தில் காரணம் தேடியவர்கள் அன்று நிறையப் பேர் இருந்தார்கள். நாட்காட்டியைப் பார்த்திருந்தால் போதும். பியானிச் அங்கே ஆடியது ஒரே சீசன். அந்த இலாபத்தையும் சேர்த்த பிறகுகூட 2019–20 நிதியாண்டு 9.7 கோடி நட்டத்தில்தான் முடிந்தது.

தேய்மானத்தை நீட்டி வைக்கும் ஆசை பார்சிலோனாவுக்கு மட்டும் உரியதல்ல. 2022க்குப் பிறகு செல்சி எட்டு, எட்டரை ஆண்டு ஒப்பந்தங்களை வீரர்களுக்குக் கொடுத்து ஆண்டுச் செலவைக் குறைத்துக் காட்டியபோது, ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ, ஒப்பந்தம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் தன்னுடைய கணக்குக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பிரிக்கக் கூடாது என்று விதித்தது.

சம்பளத்தைப் பரப்ப முடியாது

டிரான்ஸ்ஃபர் தொகையைப் போலன்றி, சம்பளம் அந்தந்த ஆண்டின் செலவு. செய்திகளில் டிரான்ஸ்ஃபர் தொகையே தலைப்பாக வந்தாலும், பெரிய கிளப்பின் கழுத்தை நெரிப்பது பெரும்பாலும் சம்பளப் பட்டியல்தான். மெஸ்ஸிக்கு 2017இல் போடப்பட்ட ஒப்பந்தம், எல்லா ஊக்கத்தொகைகளும் சேர்ந்தால் நான்காண்டுகளில் 55.5 கோடி யூரோ வரை போகக்கூடியது என்று ‘எல் முண்டோ’ நாளிதழ் 2021 ஜனவரியில் வெளியிட்டது. ஒருவருக்கு அவ்வளவு கொடுத்தால் அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவரின் எதிர்பார்ப்பும் ஏறும். அவருக்கு அடுத்தவரின் எதிர்பார்ப்பும் ஏறும். 2021 ஆகஸ்டில் தலைவர் ஜுவான் லபோர்த்தா செய்தியாளர்களிடம் கணக்கை விரித்தபோது, சம்பளச் செலவு கிளப்பின் வருமானத்தில் 103 சதவீதம் என்றார். வந்த பணம் முழுவதையும் கொடுத்தாலும் சம்பளத்துக்கே போதாது. மொத்தக் கடனும் பிற பொறுப்புகளும் 135 கோடி யூரோ. பதவியேற்றவுடன் சம்பளம் கொடுப்பதற்காக மட்டும் 8 கோடி இடைக்காலக் கடன் வாங்க வேண்டியிருந்தது என்றும் அவர் சொன்னார். 2020–21 நிதியாண்டின் நட்டம் 48.1 கோடி.

கொரோனா இந்த நிலையை உருவாக்கியது என்று சொல்வது பாதி உண்மைதான். ஏறத்தாழ 99,000 பேர் அமரும் காம்ப் நூ அரங்கும், சுற்றுலாப் பயணிகள் குவியும் அருங்காட்சியகமும், கடைகளும் 2020 மார்ச்சில் மூடப்பட்டன. நுழைவுச்சீட்டையும் சுற்றுலாவையும் வேறு பல கிளப்புகளைவிட அதிகம் நம்பியிருந்த பார்சிலோனாவுக்கு அடி பலமாக விழுந்தது. ஆனால் அதே தொற்றுக்காலத்தில் ரியல் மாட்ரிட் சிறிதளவேனும் இலாபம் காட்டியது. வரவில் ஒரு ரூபாய் குறைந்தாலும் தாங்காத அளவுக்குச் செலவை முன்கூட்டியே கட்டிவைத்திருந்தவர்கள் அப்போதைய தலைவர் ஜுசெப் மரியா பர்த்தமேயுவின் நிர்வாகத்தினர். 2020 அக்டோபரில் அவர் பதவி விலகினார். கிளம்பும் முன் சில முன்னணி வீரர்களின் ஒப்பந்தங்களை நீட்டித்து, அந்த ஆண்டுகளின் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பின்னாளுக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். தள்ளிவைத்தது தள்ளுபடி ஆகாது. அது அடுத்த நிர்வாகத்தின் மேசையில் வந்து உட்கார்ந்தது.

பணம் போட முதலாளி இல்லை

இந்த இடத்தில் மான்செஸ்டர் சிட்டியையோ பாரிஸ் சான் ஜெர்மனையோ அறிந்த வாசகர் கேட்பார்: உரிமையாளர் கையிலிருந்து பணம் போட வேண்டியதுதானே? பார்சிலோனாவுக்கு உரிமையாளர் கிடையாது. 1990ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டம் ஸ்பெயினின் தொழில்முறைக் கிளப்புகளைப் பங்கு நிறுவனங்களாக மாறச் சொன்னபோது விலக்குப் பெற்ற நான்கில் அதுவும் ஒன்று. மற்றவை ரியல் மாட்ரிட், பில்பாவோவின் அத்லெடிக், ஒசசூனா. சந்தா கட்டும் உறுப்பினர்கள், ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர், வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பங்கு விற்று முதல் திரட்ட வழியில்லை. நெருக்கடி வந்தால் இருப்பவை மூன்றே வழிகள்: கடன் வாங்குவது, செலவைக் குறைப்பது, சொத்தை விற்பது.

இதனால்தான் எல்லாக் கடனையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. மான்செஸ்டர் யுனைடெட்டின் கடன், 2005இல் கிளேசர் குடும்பம் அதை வாங்கியபோது, வாங்குவதற்காக எடுத்த கடனின் பெரும்பகுதியைக் கிளப்பின் தலையிலேயே ஏற்றியதில் தொடங்கியது. அந்தப் பணத்தால் அரங்கமும் வரவில்லை, வீரரும் வரவில்லை. பார்சிலோனாவின் கடன் வீரர்களுக்காகவும் அவர்களுடைய சம்பளத்துக்காகவும் வாங்கியது. மூன்றாவது வகை, பின்னாளில் வருவாய் தரக்கூடிய அரங்கத்துக்காக வாங்குவது. அதைப் பிறகு பார்ப்போம்.

2021இல் முதலில் கடனையே கடனால் ஒழுங்குபடுத்தினார்கள். கோல்ட்மன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கி வழியாக 59.5 கோடி யூரோ, ஏறத்தாழ 2 சதவீத வட்டியில், பத்தாண்டு நீட்சியில் திரட்டப்பட்டு, உடனே கட்ட வேண்டியிருந்த குறுகிய காலக் கடன்கள் அடைக்கப்பட்டன. மொத்தச் சுமை இதனால் குறையவில்லை. கழுத்தில் இருந்த கத்தி சற்று விலகியது.

லீக் போடும் வரம்பு

மெஸ்ஸியைத் தடுத்தது கடன்காரர்கள் அல்ல, ஸ்பெயினின் முதன்மைக் கால்பந்து லீக்கை நடத்தும் லா லிகா அமைப்பு. பல கிளப்புகள் வரி பாக்கியிலும் சம்பள பாக்கியிலும் தவித்த காலத்துக்குப் பிறகு, 2013இல் ஹவியர் தெபாஸ் தலைமையில் அது ஒரு முன்தடுப்பு முறையைக் கொண்டுவந்தது. சீசன் முடிந்த பிறகு கணக்குப் பார்த்துத் தண்டிப்பது அன்று. தொடங்கும் முன்பே ஒவ்வொரு கிளப்புக்கும் அணிச் செலவு வரம்பு ஒன்றை நிர்ணயிப்பது. எதிர்பார்க்கும் வருமானத்திலிருந்து, அணி சாராத நிர்வாகச் செலவையும் அந்த ஆண்டு திருப்பிக் கட்ட வேண்டிய கடனையும் கழித்தால் மிஞ்சுவதுதான் வரம்பு. சம்பளம், ஊக்கத்தொகை, தேய்மானம், பயிற்சியாளர் குழுவின் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் கிளப் யாரை வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் அவர் பெயரை லீக்கில் பதிவுசெய்ய முடியாது. பதிவில்லாதவர் ஆட முடியாது.

பார்சிலோனாவுக்கு லீக் நிர்ணயித்த எண்கள் ஒரு காய்ச்சல் அட்டவணையைப் போல இருக்கின்றன. 2019–20 சீசனுக்கு 67.1 கோடி, அதுவே அந்த ஆண்டு லீக்கில் மிக உயர்ந்தது. அடுத்த சீசனுக்கு 38.3 கோடி. 2021 செப்டம்பரில் 9.8 கோடி. 2022இன் தொடக்கத்தில் மைனஸ் 14.4 கோடி. வரம்பு மைனசில் போவது கேட்க வேடிக்கையாக இருந்தாலும் பொருள் எளிது: ஒரு வீரருக்குக்கூடச் சம்பளம் கொடுக்காவிட்டாலும் அந்த ஆண்டின் கணக்கு துண்டு விழும்.

வரம்பைத் தாண்டிய கிளப் ஒரேயடியாக முடக்கப்படுவதில்லை. மிச்சப்படுத்திய தொகையில் ஒரு பகுதியைப் புதிய வீரருக்குச் செலவிட அனுமதி உண்டு. 2021இல் அந்தப் பகுதி நான்கில் ஒன்று. பின்னர் பலமுறை தளர்த்தப்பட்டது. 2021 விதிப்படி, நான்கு கோடிச் சம்பளம் வாங்குபவர் வெளியேறினால்தான் ஒரு கோடிச் சம்பளக்காரர் உள்ளே வர முடிந்தது. மெஸ்ஸி சம்பளத்தைப் பாதியாகக் குறைத்தும் பலனளிக்காததன் காரணம் இப்போது புலப்படும். அவருடைய பழைய ஒப்பந்தம் ஜூன் 30ஆம் தேதியே முடிந்துவிட்டிருந்தது. கணக்குக்கு அவர் ஒரு புதிய வீரர். அவருக்கு இடம் தர, அவருடைய சம்பளத்தைப் போலப் பல மடங்கு மற்றவர்களின் சம்பளத்தில் குறைய வேண்டியிருந்தது. அவர் போன பிறகும் நிலைமை அவ்வளவாக மாறவில்லை. புதிதாக வந்த மெம்பிஸ் டிபாயையும் எரிக் கார்சியாவையும் முதல் ஆட்டத்துக்குப் பதிவுசெய்வதற்காக மூத்த தற்காப்பு வீரர் ஜெரார்ட் பிக்கே தன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்.

நாளைய வருமானத்தை இன்றே விற்பது

மெஸ்ஸி போன அதே வாரத்தில் சிவிசி என்ற முதலீட்டு நிறுவனம் லா லிகாவின் எதிர்கால வருவாயில் ஒரு பங்கை ஐம்பது ஆண்டுகளுக்கு வாங்க முன்வந்திருந்தது. அதில் சேர்ந்திருந்தால் பார்சிலோனாவுக்கு உடனடிப் பணம் கிடைத்திருக்கும். அரை நூற்றாண்டுக்குக் கிளப்பின் ஒளிபரப்பு உரிமையை அடகு வைக்க முடியாது என்று லபோர்த்தா மறுத்தார். கேட்க நன்றாக இருந்த அந்தக் கொள்கை ஓராண்டுகூட நீடிக்கவில்லை.

2022 ஜூன் 30ஆம் தேதி, மறுபடியும் நிதியாண்டின் கடைசி நாள், லா லிகா ஒளிபரப்பு வருவாயில் தன் பங்கில் 10 சதவீதத்தை 25 ஆண்டுகளுக்கு சிக்ஸ்த் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு 20.75 கோடி யூரோவுக்கு பார்சிலோனா விற்றது. அடுத்த மாதமே மேலும் 15 சதவீதம் போயிற்று. ஆகஸ்டில் பார்சா ஸ்டூடியோஸ் என்ற தன் காணொளித் தயாரிப்புப் பிரிவின் 24.5 சதவீதப் பங்கை 10 கோடிக்கும், இன்னொரு 24.5 சதவீதத்தை வேறொருவருக்கு மற்றொரு 10 கோடிக்கும் விற்றது. ஸ்பெயினில் ‘நெம்புகோல்கள்’ என்று அழைக்கப்பட்ட இவற்றிலிருந்து கணக்கில் காட்டப்பட்ட ஆதாயம் 80 கோடியைத் தாண்டியது.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர், கால் பங்கு மகசூலை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருவருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு இன்று மொத்தமாகப் பணம் வாங்குவதை இதனுடன் ஒப்பிடலாம். இது கடனல்ல, திருப்பிக் கட்ட எதுவுமில்லை, வட்டியும் இல்லை. அதனால் கடன் பட்டியலில் வராது. ஆனால் ஆண்டுக்குச் சுமார் 16 கோடியாக இருந்த ஒளிபரப்பு வருவாயில் 4 கோடி ஒவ்வோர் ஆண்டும் வேறொருவர் பைக்குப் போகும். முதல் 10 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு 1.6 கோடி, இருபத்தைந்து ஆண்டில் வருவாய் ஏறாவிட்டாலும் 40 கோடி. அதற்கு இன்று வாங்கியது 20.75 கோடி. மோசமான பேரம் என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை, ஏனெனில் இன்றைய ஒரு யூரோ இருபத்தைந்து ஆண்டு கழித்து வரும் ஒரு யூரோவைவிட மதிப்பு மிக்கது. அந்தப் பணத்தை எதற்குச் செலவிட்டார்கள் என்பதே பேரத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

ஒரு பகுதி முந்தைய நட்டங்களால் உண்டான பள்ளத்தை நிரப்பியது. வரம்பும் 65.6 கோடிக்குத் தாவியது. கிடைத்த இடத்தில் பயர்னிலிருந்து ராபர்ட் லெவன்டோவ்ஸ்கி 4.5 கோடிக்கும், லீட்ஸிலிருந்து ரஃபீன்யா 5.8 கோடிக்கும், செவியாவிலிருந்து ஜூல் கூண்டே 5 கோடிக்கும் வந்தார்கள். முப்பத்துநான்கு வயதைத் தொடவிருந்த முன்கள வீரருக்கு இருபத்தைந்தாண்டு வருவாயை விற்ற பணம் செலவாகிறதே என்று அன்று கேட்டது நியாயமான கேள்விதான். பயிற்சியாளர் சாவியின் கீழ் அந்த அணி 2022–23 லீக் பட்டத்தை வென்றது. ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் குழுச் சுற்றையே தாண்டவில்லை. ரஃபீன்யாவும் கூண்டேயும் கொடுத்த விலைக்கு மேல் திருப்பித் தந்துவிட்டார்கள் என்பதே என் எண்ணம்.

சொத்து விற்ற ஆதாயம் ஒருமுறைதான் வரும், சம்பளம் ஆண்டுதோறும் வரும். 2023 செப்டம்பரில் வரம்பு மீண்டும் 27 கோடிக்கு இறங்கியது. பார்சா ஸ்டூடியோஸ் பங்குக்கு வர வேண்டிய பணமும் சொன்ன நேரத்தில் வந்து சேரவில்லை. 2023–24 கணக்கில் அந்தப் பிரிவின் மதிப்பைப் பெருமளவு குறைத்தெழுத வேண்டிவந்து, அந்த ஆண்டு 9.1 கோடி நட்டத்தில் முடிந்தது. யூஈஎஃப்ஏவும் இத்தகைய விற்பனைகளைச் சாதாரண வருமானமாக ஏற்கவில்லை: 2023இல் 5 லட்சம் யூரோ அபராதம் விதித்தது, 2025இல் 1.5 கோடி.

அணியைத் திரும்பக் கட்டுவது

பணத்தால் வாங்க முடியாதபோது கிளப் தன் வீட்டுக்குள் தேடியது. லா மாசியா என்ற அதன் இளையோர் பயிற்சிக்கூடம் 1979 முதல் இயங்குகிறது; மெஸ்ஸி, சாவி, இனியெஸ்தா மூவரும் அங்கிருந்து வந்தவர்கள். பயிற்சிக்கூட வீரருக்கு டிரான்ஸ்ஃபர் தொகை இல்லை, ஆகவே தேய்மானம் இல்லை. தொடக்கச் சம்பளமும் குறைவு. ஒருநாள் விற்றால் விற்ற தொகை ஏறத்தாழ முழுவதும் இலாபம். 2023 ஏப்ரலில் பதினைந்து வயதில் முதல் அணிக்கு ஆடிய லமீன் யமால், பதினேழு நிறையும் முன்பே தற்காப்பு வரிசைக்கு வந்த பாவ் குபார்சி, அலெக்ஸ் பால்தே, கவி, ஃபெர்மின் லோபெஸ் எல்லாரும் இந்தக் கணக்கில் வருகிறார்கள். பெத்ரி பயிற்சிக்கூடத்தவர் அல்ல. 2019இல் லாஸ் பல்மாஸ் அணியிடம் 50 லட்சம் யூரோ அடிப்படைத் தொகைக்குப் பேசி முடிக்கப்பட்டவர். கூட்டினோவுக்குக் கொடுத்ததில் இருபத்துநாலில் ஒரு பங்கு.

2024–25இல் ஹான்சி ஃபிலிக் பயிற்சியில் லீக், அரசர் கோப்பை, ஸ்பானிய சூப்பர் கோப்பை மூன்றையும் வென்றது பெரிதும் இந்த இளைஞர்களை நம்பிய அணிதான். நெருக்கடி இல்லாவிட்டால் பதினாறு வயதுக்காரர்களுக்கு இத்தனை ஆட்டங்கள் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. அதே வேளை, இளையோரை நம்புவது இடரற்ற வழி என்றும் சொல்ல முடியாது. மெஸ்ஸியின் பத்தாம் எண் சட்டையை 2021இல் பெற்ற அன்சு ஃபாத்தி தொடர் காயங்களால் பின்தங்கி, பிறகு இரவலாக அனுப்பப்பட்டார். வெற்றி பெற்றவர்களின் சம்பளமும் ஏறும். யமாலின் 2031 வரையான ஒப்பந்தம் பயிற்சிக்கூடச் சம்பளத்தில் போடப்பட்டதல்ல.

பழைய வீரர்களை வெளியேற்றுவதும் எளிதாக இல்லை. கிரீஸ்மன் 2021இல் அத்லெதிகோவுக்கே இரவலாகத் திரும்பினார். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆடினால் 4 கோடி கொடுத்து நிரந்தரமாக வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததாகவும், அதைத் தவிர்க்கவே 2022இன் தொடக்க ஆட்டங்களில் அவர் ஒரு மணிநேரம் கழித்தே இறக்கப்படுகிறார் என்றும் பரவலாகப் பேசப்பட்டது. கடைசியில் குறைந்த விலைக்கு விற்று முடித்தார்கள். எல்லாருக்கும் தெரிந்த பலவீனத்தோடு சந்தையில் நிற்பவருக்கு வாங்கும்போதும் இழப்பு, விற்கும்போதும் இழப்பு.

அரங்கமும் பதிவு அலுவலகமும்

காம்ப் நூ புதுப்பிப்புக்காக 2023 ஏப்ரலில் 145 கோடி யூரோ நிதி தனியாகத் திரட்டப்பட்டது. முன்னர் சொன்ன மூன்றாவது வகைக் கடன் இதுதான். 1,05,000 பேர் அமரக்கூடிய அரங்கம், விலையுயர்ந்த விருந்தினர் பகுதிகளோடு, தன் வருவாயாலேயே தன் கடனை அடைக்க வேண்டும் என்பது திட்டம். ஆனால் கட்டும் காலத்தில் வருவாய் குறையும். இரண்டு சீசன்களுக்கு மேல் மான்ட்யுயிக் மலையிலுள்ள, பாதியளவே ஆட்கள் அமரக்கூடிய ஒலிம்பிக் அரங்கில் அணி ஆடியது. 2024 நவம்பருக்குத் திட்டமிட்ட திரும்புதல் 2025 நவம்பர் 22ஆம் தேதிதான் நடந்தது, அதுவும் முழுமை பெறாத அரங்குக்கு.

அந்த அரங்கமே பதிவுச் சண்டைக்கும் பயன்பட்டது. லைப்சிக் அணியிலிருந்து வாங்கிய தானி ஒல்மோ, காயமுற்ற வீரரின் சம்பளத்தில் ஒரு பங்கைப் புதியவருக்குப் பயன்படுத்தலாம் என்ற விதியின்படி, தற்காப்பு வீரர் கிறிஸ்டென்சனின் காயத்தால் 2024 டிசம்பர் 31 வரை மட்டும் பதிவுசெய்யப்பட்டிருந்தார். நிரந்தரப் பதிவுக்காக, இன்னும் கட்டி முடியாத அரங்கின் சிறப்பு இருக்கைகளின் உரிமையை 10 கோடிக்கு விற்றதாகக் கிளப் ஆவணம் கொடுத்தது. காலக்கெடு கடந்துவிட்டது என்று லீக் மறுத்தது. ஸ்பெயின் அரசின் விளையாட்டு மன்றம் 2025 ஜனவரி 8ஆம் தேதி இடைக்கால அனுமதி கொடுத்து ஒல்மோவை ஆடவைத்தது. சில மாதங்களில், அந்த 10 கோடி தணிக்கையான கணக்கில் இடம்பெறவில்லை என்று சொல்லி லீக் வரம்பைக் குறைத்தது.

2025 கோடையில் அதே விதி இன்னும் விசித்திரமான வடிவம் எடுத்தது. எஸ்பான்யோல் கிளப்பிலிருந்து கோல்காப்பாளர் ஜுவான் கார்சியாவும், மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து இரவலாக மார்கஸ் ராஷ்ஃபோர்டும் வந்திருந்தார்கள். இரவல் வீரருக்கு டிரான்ஸ்ஃபர் தொகையோ தேய்மானமோ இல்லை, சம்பளம் மட்டுமே. நெருக்கத்தில் இருக்கும் கிளப்புகள் இரவலை நாடுவது அதனால்தான். இருந்தும் இருவருக்கும் வரம்பில் இடம் தேவைப்பட்டது. முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட மூத்த கோல்காப்பாளர் மார்க்-அந்த்ரே தெர் ஸ்டேகன், மூன்று மாதத்தில் திரும்பிவிடுவேன் என்று அறிவித்தார். நீண்டகாலக் காயமாகக் கொள்ள நான்கு மாதத்துக்கு மேல் ஆக வேண்டும். மருத்துவ அறிக்கையை லீக்குக்கு அனுப்ப அவர் கையொப்பமிட மறுத்தபோது, கிளப் அவருடைய அணித்தலைவர் பொறுப்பைப் பறித்தது. மறுநாள் அவர் கையொப்பமிட்டதும் திருப்பித் தந்தது. ஆகஸ்ட் 16ஆம் தேதி மயோர்க்காவுடனான முதல் ஆட்டத்துக்கு முன்பு, கடைசி நேரத்தில், கார்சியாவும் ராஷ்ஃபோர்டும் பதிவுசெய்யப்பட்டார்கள்.